மிதிவண்டி ஏற்றவும் கேரவன் இழுக்கவும் ஏற்ற கார்

மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லவும், பின்னால் கேரவன் அல்லது டிரெய்லர் ஒன்றை இழுக்கவும் பயன்படும் கார், இட வசதி, எடை வரம்பு, இழுதிறன் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெற்றிருக்க வேண்டும். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் கேரவனில் செல்வது நெடுநாளைய வழக்கம். உடன் மிதிவண்டிகளையும் எடுத்துச் செல்வர். இத்தகைய பயணத்துக்குக் கார் வாங்குவோர் பெரும்பாலும் டிக்கியின் அளவையும் எஞ்சினின் ஆற்றலையும் மட்டுமே பார்க்கின்றனர். உண்மையில் பயணத்தின் பாதுகாப்பைத் தீர்மானிப்பவை காரின் எடை வரம்புகளே. இக்கட்டுரை பிரித்தானிய நடைமுறையை அடிப்படையாகக் கொண்டு அவற்றை விளக்குகிறது.

அடிப்படைச் சிக்கல்

மிதிவண்டிகளைக் காரின் பின்புறம் ஏற்றுவதற்கு மிக எளிய வழி, டோபார் எனப்படும் இழுவைக் கொக்கியில் பொருத்தும் கேரியர் ஆகும். இது தாழ்வாக இருப்பதால் வண்டியைத் தூக்கி வைப்பது எளிது. ஆனால் கேரவனும் அதே டோபாரின் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில்தான் மாட்டப்படுகிறது. எனவே கேரவனை இழுக்கும்போது டோபார் கேரியரைப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. மிதிவண்டிகளுக்கு வேறு இடம் தேட வேண்டும். காரை வாங்கிய பிறகு இதை உணர்வோர் பலர். ஆகவே மிதிவண்டிகள் எங்கே போகும் என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டு, அதன் பிறகு காரைத் தேர்வு செய்வதே சரியான முறை.

மிதிவண்டியை ஏற்றும் இடங்கள்

காரின் உள்ளே: திருட்டு, மழை, காற்றுத் தடை ஆகிய மூன்றிலிருந்தும் காப்பது இம்முறை. பெரியவர் ஓட்டும் மிதிவண்டியின் நீளம் ஏறத்தாழ 1.75 மீட்டர். முன் சக்கரத்தைக் கழற்றினால் அது சுமார் 1.4 மீட்டராகக் குறையும். பின் இருக்கைகளை மடக்கினால் நீண்ட கார்களில் இரண்டு வண்டிகள் படுக்கையாக அடங்கும். ஆனால் நான்கு பேர் பயணம் செய்தால் இருக்கைகளை மடக்க இயலாது. இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கே இம்முறை பொருந்தும்.

கூரையின் மேல்: கூரை கேரியர் டோபாரைத் தொடாது. ஆகவே கேரவனையும் சேர்த்து இழுக்கலாம். ஆனால் பல கார்களின் கூரை தாங்கும் சுமை 75 கிலோ அளவிலேயே உள்ளது. இந்த 75 கிலோவில் குறுக்குக் கம்பிகளின் எடையும் கேரியரின் எடையும் அடங்கும். சான்றாக, கம்பிகள் 6 கிலோ, நான்கு கேரியர்கள் 12 கிலோ, தலா 14 கிலோ எடையுள்ள நான்கு மிதிவண்டிகள் 56 கிலோ எனில் மொத்தம் 74 கிலோ. வரம்புக்குள் ஒரு கிலோதான் மீதம். மின் மிதிவண்டி ஒன்று 20 முதல் 25 கிலோ வரை எடை கொண்டது. கூரை கேரியர்கள் பலவும் ஒரு வண்டிக்கு 15 முதல் 20 கிலோ வரையே தாங்கும் என்பதால் மின் மிதிவண்டியைக் கூரையில் ஏற்றுவது பெரும்பாலும் இயலாது. மேலும் 1.5 மீட்டர் உயரமுள்ள காரின் மேல் மிதிவண்டியை நிறுத்தினால் மொத்த உயரம் 2.6 மீட்டரை நெருங்கும். கார் நிறுத்துமிடங்களின் வாயிலில் 2 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கம்பி இருப்பது வழக்கம். மேலே வண்டி இருப்பதை மறந்து உள்ளே நுழைந்தால் மிதிவண்டியும் கூரையும் ஒருங்கே சேதமாகும்.

கேரவனில்: கேரவனின் முன்பக்க இழுசட்டத்தின் மீதும், பின்சுவரின் மீதும் மிதிவண்டி கேரியர் பொருத்துவது உண்டு. முன்பக்கத்தில் பொருத்தினால் டோபாரின் மீது விழும் சுமை கூடும். பின்சுவரில் பொருத்தினால் கேரவனின் நிலைப்புத்தன்மை குறையும். அச்சுக்கு மேலே, கேரவனின் தரையில் படுக்க வைத்துக் கட்டுவதே இவற்றுள் பாதுகாப்பானது. எதைச் செய்தாலும் கேரவனின் சொந்த எடை வரம்பைத் தாண்டக் கூடாது.

டோபாரில்: கேரவன் இல்லாத நாட்களுக்கு இது மிக ஏற்ற முறை. கேரியரின் எடையும் மிதிவண்டிகளின் எடையும் சேர்ந்து டோபாரின் செங்குத்துச் சுமை வரம்புக்குள் இருக்க வேண்டும். மிதிவண்டிகள் காரின் நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் மறைத்தால், கேரியரில் அதே எண்ணுள்ள பிளேட்டும் விளக்குகளும் பொருத்துவது கட்டாயம்.

அறிய வேண்டிய எடைகள்

காரின் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒட்டப்பட்டுள்ள தயாரிப்பாளர் தகட்டில் பொதுவாக நான்கு எடைகள் வரிசையாகக் குறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, ஆட்களும் சுமையும் ஏறிய பின் கார் இருக்கக்கூடிய முழுச்சுமை எடை. இரண்டாவது, காரும் இழுக்கப்படும் வண்டியும் சேர்ந்த கூட்டு எடை. மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் எடைகள். கூட்டு எடை குறிக்கப்படாத காரை எதையும் இழுக்கப் பயன்படுத்தலாகாது. சில சிறிய கார்களும் சில மின் கார்களும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றுடன் காரின் வெற்று எடையும் தெரிந்திருக்க வேண்டும். முழுச்சுமை எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் ஏற்றத்தக்க சுமை கிடைக்கும். ஐரோப்பியக் கணக்கில் வெற்று எடை என்பது 75 கிலோ எடையுள்ள ஓட்டுநரையும் உட்கொண்டதாக இருப்பது வழக்கம்.

எடுத்துக்காட்டாக, ஒரு காரின் வெற்று எடை 1,600 கிலோ, முழுச்சுமை எடை 2,200 கிலோ, கூட்டு எடை 3,600 கிலோ எனக் கொள்வோம். ஏற்றத்தக்க சுமை 600 கிலோ. ஓட்டுநர் நீங்கலாக மூன்று பேர் 180 கிலோ, பெட்டிகள் 90 கிலோ, கூரையில் மிதிவண்டிகளும் கேரியரும் 74 கிலோ, டோபாரின் மீது கேரவன் அழுத்தும் சுமை 80 கிலோ எனில் மொத்தம் 424 கிலோ. இது வரம்புக்குள் அடங்குகிறது. டோபாரின் மீது விழும் 80 கிலோவும் காரின் சுமையே என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேரவனின் எடையைப் பொறுத்தவரை, சுமை ஏற்றிய கேரவன் காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது பிரித்தானியாவில் புதியவர்களுக்குக் கூறப்படும் அறிவுரை. மேற்கண்ட காருக்கு இது 1,360 கிலோ. இது சட்டமன்று, அனுபவத்தால் அமைந்த வழிகாட்டல். தயாரிப்பாளர் குறிக்கும் வரம்போ மீறக் கூடாதது. அனுபவம் மிக்கவராயினும் காரைவிடக் கனமான கேரவனை இழுப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை.

கொக்கிச் சுமையும் நெம்புகோல் விதியும்

கேரவனின் முன்முனை டோபார் உருண்டையின் மீது செங்குத்தாக அழுத்தும் சுமை, கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது பொது விதி. 1,300 கிலோ எடையுள்ள கேரவனுக்கு இது 65 முதல் 91 கிலோ. இது மிகக் குறைந்தால் கேரவன் அலைபாயும். மிகுந்தால் காரின் பின்புறம் அமிழும்.

பின்புறம் அமிழ்வதற்குக் காரணம் பள்ளியில் படிக்கும் நெம்புகோல் விதியே. டோபார் உருண்டை பின் அச்சுக்கு 1.05 மீட்டர் பின்னால் உள்ளது, இரு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர் உள்ளது எனக் கொள்வோம். 80 கிலோ அழுத்தினால் முன் அச்சின் சுமை 80 × 1.05 ÷ 2.8 = 30 கிலோ குறையும். பின் அச்சின் சுமை 80 அன்று, 110 கிலோ கூடும். முன் சக்கரங்களின் பிடிப்பு குறைவதால் திருப்புதலும் பிரேக் பிடித்தலும் பாதிக்கப்படும். முன் சக்கரங்களால் இயங்கும் கார் ஈரமான புல்தரையில் வழுக்குவதற்கும் இதுவே காரணம். ஆகவே அச்சுகளுக்கிடையே தூரம் அதிகமும் பின் நீட்சி குறைவும் உள்ள கார் இழுப்பதற்கு ஏற்றது.

கேரவன் அலைபாய்தல்

இறக்கத்திலோ, பெரிய லாரி கடந்து செல்லும் காற்றிலோ கேரவன் இடமும் வலமும் ஊசலாடத் தொடங்குவது உண்டு. ஊசல் பெரிதானால் காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். சுமையை அச்சிலிருந்து தொலைவில் வைப்பது இதற்கு முக்கியக் காரணம். சுழற்சியைத் தடுக்க முடியாதபடி ஆக்கும் சடத்துவம் தொலைவின் இருமடியாகக் கூடுகிறது. அச்சிலிருந்து அரை மீட்டரில் உள்ள 40 கிலோ மிதிவண்டிகளை 2.5 மீட்டர் தொலைவிலுள்ள பின்சுவருக்கு மாற்றினால் அதன் விளைவு ஐந்து மடங்கன்று, 25 மடங்காகும்.

அலைபாயத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விட வேண்டும். திடீரென்று பிரேக் பிடிப்பதும் எதிர்த்திசையில் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும்.

எஞ்சினும் ஏற்றமும்

இழுப்பதற்கு உயர்ந்த வேகத்தைவிடக் குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையே முக்கியம். அதனால்தான் டீசல் கார்கள் நெடுங்காலம் விரும்பப்பட்டன. ஐரோப்பிய அனுமதிச் சோதனையில், முழுச்சுமையுடன் 12 விழுக்காடு ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று புறப்பட வேண்டும். 100 மீட்டர் சென்றால் 12 மீட்டர் உயரும் சரிவு அது. காரும் கேரவனும் சேர்ந்து 3,400 கிலோ எனில் அச்சரிவில் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 4,000 நியூட்டன். கையால் கியர் மாற்றும் காரில் இது கிளட்சை விரைவில் தேய்க்கும். தானியங்கி கியர் உள்ள கார் இவ்வகையில் எளிதானது.

மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தருவதால் இழுப்பதற்கு நன்று. ஆனால் கேரவனின் அகன்ற முகப்பு காற்றைத் தடுப்பதால் ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தூரம் பாதியளவுக்குக் குறையக்கூடும். வழியில் மின்னேற்ற நிலையங்களில் கேரவனைக் கழற்றி நிறுத்த வேண்டியும் வரும்.

கார் வகைகள்

ஸ்டேஷன் வேகன்: ஸ்கோடா சூப்பர்ப், வோல்வோ வி90 போன்ற நீண்ட கார்கள். தாழ்வான கூரையில் மிதிவண்டி ஏற்றுவது எளிது. டிக்கியின் வாயிலும் தாழ்வு. ஈர்ப்பு மையம் தாழ்வாக இருப்பதால் நிலைப்புத்தன்மை நன்று.

எஸ்யூவி: ஸ்கோடா கோடியாக் போன்றவை. எடை அதிகம் என்பதால் கனமான கேரவனை இழுக்கும். நான்கு சக்கர இயக்கம் சேற்றிலும் புல்லிலும் உதவும். ஆனால் கூரை உயரமாதலால் மிதிவண்டியைத் தூக்கி வைக்க ஏணி தேவைப்படும்.

வேன் வடிவக் கார்: சிட்ரோயன் பெர்லிங்கோ போன்றவை. இருக்கைகளை மடக்கினால் உள்ளே மிதிவண்டியை ஏற்ற இவற்றைப் போல வசதியானவை குறைவு. ஆனால் எடையும் இழுவரம்பும் குறைவாக இருக்கலாம். எனவே சிறிய டிரெய்லருக்கே பொருந்தும்.

விளம்பரங்களில் டிக்கியின் கொள்ளளவு லிட்டரில் தரப்படுகிறது. ஜெர்மானிய முறையில் இது 200 × 100 × 50 மில்லிமீட்டர் அளவுள்ள கட்டைகளை அடுக்கி அளக்கப்படுகிறது. ஒரு கட்டை ஒரு லிட்டர். மூலை முடுக்குகளில் அடங்கும் கட்டைகளும் எண்ணப்படுவதால், லிட்டர் அதிகமுள்ள டிக்கியில் மிதிவண்டி நுழையும் என்று கூற இயலாது. வாயிலின் அகலம், உயரம், தரையின் நீளம் ஆகியவற்றை அளவு நாடாவால் அளப்பதே நம்பகமானது. மிதிவண்டியையே விற்பனையகத்துக்குக் கொண்டு சென்று ஏற்றிப் பார்ப்பது அதனினும் நன்று.

பிரித்தானியச் சட்டம்

1997 சனவரி 1 முதல் கார் உரிமம் பெற்றவர்கள் கனமான டிரெய்லரை இழுக்கத் தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 திசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் இது நீக்கப்பட்டு, 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்க அனுமதி வழங்கப்பட்டது. உரிமம் அனுமதித்தாலும் காரின் வரம்பு குறைவாயின் குறைந்த வரம்பே செல்லும். பிற முக்கிய விதிகள்:

- 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருக்க வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோ, காரின் வெற்று எடையில் பாதி ஆகிய இரண்டில் குறைந்ததைத் தாண்டக் கூடாது.
- கேரவன் காரைவிட அகலமாயின் நீட்டிப்புக் கண்ணாடிகள் தேவை.
- வேக வரம்பு ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60 மைல்.
- மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலக்கோடித் தடத்தைப் பயன்படுத்தக் கூடாது.

வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

1. எத்தனை பேர், எத்தனை மிதிவண்டிகள், ஒவ்வொன்றின் எடை என்ன என்று எழுதிக்கொள்ளுதல்.
2. கேரவனின் முழுச்சுமை எடையை அறிதல்.
3. குறிப்பிட்ட காரின் தகட்டில் உள்ள எடைகளைப் படித்தல். ஒரே பெயருள்ள காரிலும் எஞ்சினுக்கு ஏற்ப இவை மாறும்.
4. கூரைச் சுமை, கொக்கிச் சுமை ஆகியவற்றின் வரம்புகளைக் கையேட்டில் காணுதல்.
5. டோபாரின் மின் இணைப்பு 7 முனை உடையதா, 13 முனை உடையதா என்று பார்த்தல். காருக்கென அமைந்த இணைப்பு இருந்தால்தான் டிரெய்லர் மாட்டியிருப்பதைக் காரின் நிலைப்புக் கட்டுப்பாடு அறியும்.
6. பழைய கார் எனில் ஏற்றத்தில் ஓட்டிக் கிளட்ச் நழுவுகிறதா என்று சோதித்தல்.

வரம்பை மீறிய சுமையுடன் விபத்து நேர்ந்தால் அபராதம் மட்டுமன்றிக் காப்பீட்டு இழப்பீடும் மறுக்கப்படலாம். புறப்படும் நாளன்று முழுச் சுமையுடன் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தால் ஐயத்துக்கு இடமிராது. ஏட்டுக் கணக்கில் விடுபட்ட தண்ணீர்க் கேன், எரிவாயு உருளை, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் அந்த எண்ணில் தெரிந்துவிடும்.