நீ படிச்சா மட்டும் போதும்

“நீ படிச்சா மட்டும் போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்.” கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலரும் சொல்லும் வார்த்தை இது. நகை அடகுக்குப் போனதும், சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்ததும், அப்பா இரண்டு ஷிப்ட் பார்ப்பதும் பிள்ளையின் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த அன்பு வீண் போகவில்லை. 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் அது 47. கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பட்டம் வாங்கியதற்கு அரசின் திட்டங்கள் எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு இந்த வார்த்தையும் காரணம். ஆனால் பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து சேர்த்த இதே வார்த்தை, உள்ளே போனபின் அவன் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறது என்பதே என் வாதம். வேலையையும் பணத்தையும் பிள்ளையின் கண்ணில் படாமல் மறைத்து வைத்துவிட்டு, கடைசி ஆண்டில் திடீரென்று “எப்போ வேலைக்குப் போவே?” என்று கேட்பது நியாயமாகாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களில் வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் அது வெறும் 3.4. இதைப் பார்த்துப் படிப்பே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. படிக்காதவருக்குக் காத்திருக்க வசதியில்லை. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார். பட்டதாரி, தகுதிக்கேற்ற வேலை வரும் என்று காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கான செலவு வீட்டின் தலையில் விழுகிறது. அப்படியிருக்க, எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். அரசு வேலைக்கான காத்திருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு 7,301 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அரசுத் தேர்வு எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்டு முயலலாம், அதுவரை சாப்பாடும் கோச்சிங் கட்டணமும் வீடு தாங்கும், அதற்குப் பிறகு வேறு வழி பார்க்கவேண்டும் என்று முன்பே பேசி வைத்தால், பிள்ளை குற்ற உணர்வில்லாமல் படிக்க முடியும். கல்விக்கடன் பாக்கி எவ்வளவு, மாதத் தவணை எப்போது தொடங்கும் என்பதும் அந்தப் பேச்சில் வரவேண்டும். கடனைச் சொன்னால் பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இருபது வயதானவரால் உண்மையைத் தாங்க முடியும். கணக்குத் தெரியாமல் வரும் முதல் அதிர்ச்சியைத் தாங்குவதுதான் கடினம்.

“நாங்க படிக்கலை, எங்களுக்கு என்ன தெரியும்?” என்ற தயக்கம் அடுத்தது. படிக்காத பெற்றோருக்கும் வேலையைப் பற்றி நிறையத் தெரியும். சொந்த லாரி ஓட்டும் ஒருவர் டீசல், டோல், எஃப்.சி., இன்சூரன்ஸ், பார்ட்டியிடம் நிற்கும் பாக்கி எல்லாவற்றையும் மனத்திலேயே கூட்டிக் கழித்துத்தான் ஒரு லோடுக்கு வாடகை சொல்கிறார். அவர் மகன் பி.காம். வகுப்பில் அடக்கவிலைக் கணக்கைப் பாடமாக எழுதுகிறான். வீட்டுக் கணக்கு நோட்டை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. திருப்பூரில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மாவுக்கு, ஒரு பீஸ் எதற்காகத் தள்ளுபடியாகிறது, ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது மெர்ச்சண்டைசர் ஏன் பதறுகிறார் என்பதெல்லாம் அத்துப்படி. மகள் படிக்கும் நிர்வாகவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? வீட்டுக் கணக்கு நோட்டை விடுமுறையில் ஒரு மாதம் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். அதற்கு மாறாக, கடைசி ஆண்டு புராஜெக்ட்டைக் கடையில் விலைக்கு வாங்கப் பெற்றோரே பணம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதை உடனே நிறுத்தவேண்டும். விலைக்கு வாங்கிய புராஜெக்ட், நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும்.

தெரிந்தவர்கள் விஷயத்தில் பெற்றோரின் பங்கு இன்னும் பெரிது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், 1960களின் இறுதியில் அமெரிக்காவின் நியூட்டன் நகரில், வேலை மாறியவர்களிடம் அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் பழக்கமே உதவியது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். சற்றுத் தள்ளி இருப்பவருக்குத்தான் புதுச் சேதி தெரியும். கடைக்கு வரும் ஆடிட்டர், அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன், தெருக்கோடியில் இருக்கும் பேங்க் ஊழியர் எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். ‘இது சிபாரிசு பிடிப்பதுதானே?’ என்று கேட்கலாம். வேலை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பது சிபாரிசு. உங்கள் வேலை எப்படிப்பட்டது, அதற்கு என்ன படிக்கவேண்டும் என்று அரைமணி நேரம் பேசச் சொல்லிக் கேட்பது அறிமுகம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த அறிமுகம் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. முதல் பட்டதாரிக்கு யாராவது கேட்டு வாங்கித் தரவேண்டியிருக்கிறது. ஆளைக் காட்டியதும் பெற்றோர் விலகிக்கொள்ளட்டும். பேசவேண்டியது பிள்ளைதான். காசு கொடுத்தால் ஐ.டி. வேலை என்று வரும் ஏஜென்ட்டிடம் மட்டும் பேச்சே கூடாது.

மகள் என்றால் வேறொரு தடை வருகிறது. புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தந்து அரசுப் பள்ளி மாணவியரைக் கல்லூரியில் நிலைக்கச் செய்கிறது. படித்து முடித்த பின்னோ, வெளியூரில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் என்றாலே வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. பாதுகாப்பு பற்றிய பயம் பொய்யில்லை. ஆனால் அதற்கு மறுப்பு ஒன்றே பதிலாக இருக்கக்கூடாது. அரசின் தோழி விடுதிகள் போன்ற இடங்களைப் பெற்றோரே நேரில் போய்ப் பார்க்கட்டும், நிறுவனத்தின் வாசல் வரை ஒருமுறை மகளுடன் போகட்டும். பிறகு மகளைத் தனியே விடட்டும்.

வேலை பழகப் போனால் படிப்பு கெடாதா என்ற கவலை நியாயமானது. அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கே அனுமதிப்பதில்லை. அதனால் செமஸ்டர் நாட்களைத் தொடவேண்டாம், விடுமுறைகள் போதும். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் கல்லூரி வழியாகவே நடப்பதால், வெளியே ஆயிரக்கணக்கில் கட்டிச் சேர்வதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். படிப்பு முடிந்ததும் அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கிறது. அது ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். 1973இலேயே பொறியியல் பட்டதாரிகளும், 2014இல் மற்ற பட்டதாரிகளும் அப்ரண்டிஸ் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். ஓராண்டுப் பயிற்சி, மாத உதவித்தொகை, முடிவில் மத்திய அரசின் சான்றிதழ். தென்மாநிலங்களுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி வாரிய அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. வேலை பழகாதவர் என்று ஒதுக்கப்படும் பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பு. பெரும்பாலும் அதைத் தடுப்பது கல்யாண வீட்டில் வரும் “பெர்மனென்ட் வேலையா?” என்ற கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பைப் பெற்றோர் ஓராண்டுக்குத் தங்கள் மேல் எடுத்துக்கொள்ளலாம்.