கடையத்திலிருந்து போன கடிதங்கள்

சென்ற வாரம் சீவக சிந்தாமணியை அச்சேற்ற உ.வே.சாமிநாதையர் ஆள் ஆளாகத் தேடிப்போய்க் கையொப்பம் வாங்கியதைப் பார்த்தோம். அவருக்கு முட்டுக்கட்டையாக நின்றது பணம். இந்த வாரம் வருகிற பாரதிக்குப் பணமும் இல்லை, அரசாங்கமும் பகை.

1907 மே மாதம் லாலா லஜபதி ராயை நாடு கடத்தினார்கள். அதே மாதம் சென்னைக் கடற்கரையில் விபின் சந்திர பாலர் பேசினார். காங்கிரஸ், மிதவாதிகள் என்றும் அமிதவாதிகள் என்றும் பிளந்துகொண்டிருந்த நேரம். பாரதி அமிதவாதி. ‘இந்தியா’ பத்திரிகையில் மிதவாதிகளை அவர் விட்டுவைத்ததில்லை. வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயரோ சென்னை மிதவாதிகளில் பெரிய புள்ளி. அவரிடம் பாரதியை அழைத்துப்போனவர் ஜி.ஏ.நடேசன். பாரதி அங்கே பாடினார். கேட்ட ஐயர், மூன்று பாட்டுகளைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்.

அதே பாட்டுகளைப் பத்திரிகையில் படித்திருந்தால் ஐயர் இதைச் செய்திருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். தாளில் இருந்தவரை அது எதிர்க்கட்சிக்காரனின் பாட்டு. ஆளே எதிரில் நின்று பாடியதும் கட்சி பின்னுக்குப் போய்விட்டது. நடுவில் நடேசன் என்று ஒருவர் இல்லாமல் அந்தச் சந்திப்பே இல்லை.

1908இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைப் பாரதி தாமே வெளியிட்டார். அந்த ஆண்டே வ.உ.சி. சிறைக்குப் போனார், பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். அதன்பின் பத்தாண்டுகள் பிரிட்டிஷ் எல்லைக்குள் அவர் கால் வைக்கவில்லை. 1911இல் ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ இரண்டும் தடை செய்யப்பட்டன. வாசகர்கள் முன்னால் போய் நிற்க முடியாத அந்தக் காலத்தில் அவருக்குக் காலும் கையுமாக இருந்தவர் பரலி சு.நெல்லையப்பர். பாரதி ‘தம்பி’ என்று அழைத்த அவர்தான் 1917இல் ‘கண்ணன் பாட்டு’ நூலைச் சென்னையில் வெளியிட்டார்.

1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதியைக் கடலூரில் கைது செய்தார்கள். இருக்கும் இடத்துக்கும் எழுத்துக்கும் கட்டுப்பாடு விதித்து விடுதலை செய்தார்கள். மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்துதான் 1920இல் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கைக் கடிதம் போனது. தம் எழுத்துகள் முழுவதையும் 40 புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடப் போவதாகச் சொன்னார். மொத்தம் 4 லட்சம் பிரதிகள். அதற்கு ஆளுக்கு 100 ரூபாய் கேட்டார். தானமாக அல்ல; கடனாக, வட்டியோடு, பத்திரம் எழுதித் தருவதாகச் சொல்லிக் கேட்டார்.

பணம் சேரவில்லை. இதைக் கவிஞனின் பகற்கனவு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1907இல் ஒரே மனிதர் அச்சிட்டுக் கொடுத்தது 15,000. பாரதி ஒரு புத்தகத்துக்குக் கேட்டது அதைவிடக் குறைவு. கணக்கில் பிழையில்லை. ஒருவர் எதிரில் உட்கார்ந்து பாடி எழுப்பிய எழுச்சியை, பலருக்கும் ஒரே வாசகமாகப் போன கடிதத்தால் எழுப்ப முடியவில்லை. போலீஸ் கண்ணில் இருக்கும் ஒருவருக்குக் கடன் கொடுக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? துணிந்திருக்கக்கூடிய வ.உ.சி.யோ சிறையிலிருந்து வந்து வறுமையில் கிடந்தார்.

அந்தக் கடிதம் போனதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் பாரதி காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு நேரில் போனார். இளைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள், படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள், சங்கத்தின் மீது பாட்டும் பெற்றார்கள். இப்படி இன்னும் பத்து ஊர்களுக்குப் போக உடம்பும் காசும் இடம் கொடுத்திருந்தால் அந்த 40இல் சிலவாவது அவர் கண் முன்னே வந்திருக்கும். எனக்கு ஆறாத வருத்தம் இது.

1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். மறு ஆண்டே செல்லம்மா ‘பாரதி ஆச்சிரமம்’ என்ற பெயரில் பதிப்பகம் தொடங்கி ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை வெளியிட்டார். அந்தப் பதிப்பைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)