உங்களுக்குத் தெரியுமா? தர்மப் பணத்தின் நிறம்

★ அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தங்கள் முதலீட்டுச் சொத்தில் சுமார் 5 சதவீதத்தை அறப்பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். பாக்கி 95? பங்கு, கடன்பத்திரம், ரியல் எஸ்டேட் என்று எங்கெங்கோ சம்பாதித்துக்கொண்டிருக்கும். இன சமத்துவத்துக்காக அள்ளிக் கொடுக்கிற அறக்கட்டளையின் உண்மை முகம் 5-ல் தெரியுமா, 95-ல் தெரியுமா என்பதுதான் இன்று அங்கே நடக்கும் விவாதம்.

★ ஏழைப் பாதிரியார்களுக்கு உதவுவதற்காக 1704-ல் இங்கிலாந்தில் பிறந்தது 'ராணி ஆன் நிதி'. அதன் பணம் போன இடங்களில் ஒன்று சவுத் சீ கம்பெனி. சுமார் 34,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய கம்பெனி அது! அந்த நிதியின் இன்றைய வாரிசு, இங்கிலாந்து திருச்சபையின் சர்ச் கமிஷனர்கள் அமைப்பு. பழைய பேரேடுகளை ஆராய்ந்து உண்மையை ஒப்புக்கொண்டது. பரிகாரமாக 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக 2023 ஜனவரியில் அறிவித்தது. அந்தப் பேரேடுகளையே லாம்பெத் அரண்மனை நூலகத்தில் மக்கள் பார்வைக்கும் வைத்தார்கள்.

★ சாக்லேட்டிலும் கசப்பு உண்டு. பிரிட்டனின் ஜோசப் ரவுன்ட்ரீ அறக்கட்டளைகளுக்கு மூலதனம் தந்தது ரவுன்ட்ரீ சாக்லேட் கம்பெனி. அதன் கோக்கோ வணிகத்தில் அடிமை உழைப்பும் ஒப்பந்தக் கூலி உழைப்பும் கலந்திருந்தன. 1980-களில் அதன் தென்னாப்பிரிக்கக் கிளை கறுப்பினத் தொழிலாளர்களை ஒடுக்கியது. 2021-ல் இதற்காக ரவுன்ட்ரீ அறக்கட்டளை பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது.

★ "வட்டியைச் செலவழி, அசலில் கை வைக்காதே" என்பதே அறக்கட்டளைகளின் வேதம். அதை மீறியவர் சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட். தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் தம் நிதியின் அசலையும் சேர்த்துச் செலவழித்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவர் உதவியால் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ படித்தது அப்படி ஒரு பள்ளியில்தான். 1932-ல் ரோசன்வால்ட் மறைந்தார். கெடுவுக்கு முன்பே, 1948-ல், நிதியை மூடிவிட்டார்கள்.

★ நன்கொடை கொடுத்தால் திரும்பாது; குறைந்த வட்டிக் கடனாகக் கொடுத்தால் திரும்பி வரும், அடுத்தவருக்கும் உதவும். ஃபோர்டு அறக்கட்டளை 1968-லேயே இந்த வழியில் இறங்கிவிட்டது. 2017-ல் இன்னொரு படி: மூலதனத்திலிருந்தே 100 கோடி டாலர் வரை எடுத்து, சமூகப் பயனும் லாபமும் சேர்ந்து தரும் முதலீடுகளில் 10 ஆண்டுகளில் போடுவதாக அறிவித்தது. ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் அதில் முக்கியமான பகுதி.

★ அமெரிக்காவில் முதலீட்டு நிறுவனங்கள் நிர்வகிக்கும் சுமார் 82 லட்சம் கோடி டாலரில், பெண்களுக்கோ சிறுபான்மை இனத்தவருக்கோ சொந்தமான நிறுவனங்களின் கையில் இருந்தது வெறும் 1.4 சதவீதம். இதைச் சொல்வது நைட் அறக்கட்டளையின் 2021 ஆய்வு. லாபம் ஈட்டுவதில் அவர்கள் மற்றவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்பதும் அந்த அறக்கட்டளையின் ஆய்வுகளில் தெரியவந்தது.

★ அப்படியானால் எங்கே இடிக்கிறது? "5 வருட அனுபவக் கணக்கு காட்டு, இவ்வளவு கோடியாவது ஏற்கெனவே நிர்வகித்திருக்க வேண்டும்" என்று பணம் தருவோர் போடும் விதிகளில். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் இதுவரை யாரும் பணம் தராதவரிடம், பெரும்பணம் நிர்வகித்ததற்குச் சான்று கேட்டால் என்ன ஆகும்?

★ 2019-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பெரும் நிதிகளை எங்கே போடலாம் என்று முடிவெடுக்கும் 180 பேரிடம் முதலீட்டு நிறுவனங்களின் ஒரு பக்க அறிமுகத்தைக் கொடுத்தார்கள். சாதனை வலுவான நிறுவனங்களும் இருந்தன, சுமாரானவையும் இருந்தன; அந்தந்த வகைக்குள் சாதனைக் கணக்கில் வித்தியாசம் இல்லை. தலைவரின் இனம் மட்டும் வேறு. பாகுபாடு எங்கே கூடுதலாகத் தெரிந்தது தெரியுமா? சாதனை வலுவாக இருந்த கறுப்பினத் தலைவர்கள் விஷயத்தில்தான்!

★ டெட்ராய்ட் பகுதியைச் சேர்ந்த கிரெஸ்கி அறக்கட்டளை 2019-ல் தனக்கே இலக்கு வைத்துக்கொண்டது: அமெரிக்காவில் போடும் முதலீட்டில் 25 சதவீதம், 2025-க்குள், பெண்களுக்கோ சிறுபான்மை இனத்தவருக்கோ சொந்தமான நிறுவனங்களுக்கு.

★ இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு எதிர்ப்பும் பலமாக வந்தது. அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் உதவித்தொகைப் போட்டி நடத்தியது. இது இனப் பாகுபாடு என்று 2023-ல் வழக்கு, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத் தடை, செப்டம்பரில் சமரசம், போட்டியே மூடப்பட்டது. வழக்குக்கு ஆயுதமான சட்டம் 1866-ல் வந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று உரிமை கொடுத்த சட்டம் அது!