கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்!

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஊர் இ. குமாரலிங்கபுரம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் விளைச்சல். பெய்யாவிட்டால் பிழைப்புத் தேடி வெளியூர் போக வேண்டியதுதான். பக்கத்தில் உள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலும் இதே கதைதான்.

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் இந்த ஊரின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. 7 மாநிலங்களில் பெரிய ஜவுளிப் பூங்காக்கள் அமைக்கப்படும் என்று மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் இந்த ஊர். பூங்காவின் பரப்பு 1,052 ஏக்கர்.

பஞ்சு நூலாக வேண்டும். நூல் துணியாக வேண்டும். துணி சட்டையாக வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். இதுதான் திட்டம்.

ஆலை வந்தால் ஆள் வேண்டும். ஆள் வேண்டும் என்றால், ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்சிகளும் வரும். பழம் தின்று கொட்டை போட்ட ஏஜென்சியும் வரும். நேற்றுப் பலகை மாட்டிய ஏஜென்சியும் வரும்.

புதிய ஏஜென்சி கூப்பிட்டால் போகலாமா? போகலாம். ஆனால் பேச வேண்டியதைப் பேசிவிட்டுப் போக வேண்டும்!

கங்காணி காலம்

இந்தச் சீமைக்கு ஆள் சேர்ப்பு புதிதல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில், பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்து பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அழைத்துப் போனவர் கங்காணி. வழிச் செலவுக்கு அவர் முன்பணம் கொடுப்பார். அது தொழிலாளி தலையில் கடனாக ஏறும்.

அங்கே "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? துண்டில் கண்ட கடனைப் புதிய தோட்டம் கட்ட வேண்டும். கடன் அதோடு தீர்ந்ததா? இல்லை. புதிய தோட்டத்திலும் தொழிலாளியைத் தொடர்ந்தது. 1921-ல் இந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

அந்தச் சீட்டு பேசியது, தொழிலாளி தர வேண்டிய கடனைப் பற்றி. அவருக்கு வர வேண்டியதைப் பற்றி அல்ல. இன்று நாம் கையெழுத்துப் போடும் காகிதத்தில், நமக்கு வர வேண்டியது எழுதியிருக்கிறதா? முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஏமாற்றுக்காரர் அல்ல, ஆனால்...

ஒரு தையல் மிஷின் மெக்கானிக் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் மாதச் சம்பளக்காரர் அல்ல. கூப்பிட்ட இடத்துக்குப் போவார். பழுது பார்ப்பார். கூலி வாங்குவார். அவரைத் தேடி ஓர் இளைஞர் வருகிறார். புதிதாக ஏஜென்சி தொடங்கியவர்.

"அண்ணே, பெரிய கம்பெனி. 3 மாத வேலை. நாளைக்கே வந்து விடுங்கள். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்கிறார்.

இளைஞர் பொய் சொல்லவில்லை. கம்பெனி பணம் தரும், அதை வாங்கிக் கொடுத்து விடலாம் என்று நம்புகிறார். ஆனால், கம்பெனி 2 மாதம் கழித்துத் தந்தால்? இளைஞரிடம் கைமுதல் இல்லை. மெக்கானிக் வீட்டில் அடுப்பு காத்திருக்குமா?

இதில் ஒரு நன்மையும் உண்டு. பெரிய ஏஜென்சி அச்சடித்த ஒப்பந்தத்தை நீட்டும். அதில் ஓர் எழுத்தை மாற்றுவதும் கஷ்டம். புதிய ஏஜென்சியிடம் அச்சடித்த ஒப்பந்தமே இருக்காது. நிபந்தனைகளை நாமே எழுதிக் கொடுக்கலாம்!

எப்படிப் பேசுவது?

"தம்பி, எனக்குப் பணம் தருவது யார்? நீங்களா, கம்பெனியா?"

"நான்தான், அண்ணே."

"அப்படியானால், கம்பெனி தந்தாலும் தராவிட்டாலும், பில் கொடுத்த 15 நாளில் நீங்கள் தருவதாக எழுதுங்கள்."

"அது முடியாது அண்ணே. கம்பெனி எனக்கே 60 நாள் கழித்துத்தான் தரும்."

"சரி. கால் பங்கு முன்பணம் கொடுங்கள். வாரம் ஒரு பில் தருகிறேன். 30 நாளில் பணம் வர வேண்டும். ஒரு பில் தவறினாலும் வேலையை நிறுத்துவேன். இதையும் எழுதுங்கள்."

இது சண்டை அல்ல. பில் சிறியதாக இருந்தால், பணம் நின்றாலும் நஷ்டம் சிறியது. 3 மாத வேலையையும் முடித்துவிட்டுக் கேட்டால், நஷ்டம் பெரியது.

இன்னும் சில கேள்விகள் உண்டு. எத்தனை மிஷின்? உதிரி பாகம் யார் செலவு? பஸ் கட்டணம் யாருடையது? வேலையை நிறுத்த எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? எல்லாவற்றையும் எழுதுங்கள். இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம். ஆனால், தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டுமே! வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள்.

"எங்கள் வேலை முடிந்த பிறகு, 2 வருஷம் வேறு யாரிடமும் இந்தத் தொழில் செய்யக் கூடாது" என்று சிலர் எழுதுவார்கள். பயப்பட வேண்டாம். நேர்மையான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதே சட்டத்தின் 27-வது பிரிவு.

சிறு தொழில் செய்பவர்களுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. மெக்கானிக் போன்ற சேவைத் தொழில் செய்பவரும் அதன்கீழ் "உத்யம்" பதிவு செய்யலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. வேலை தொடங்குமுன் பதிவு செய்வது நல்லது. பதிவு செய்தவருக்குப் பணம் தர 45 நாளுக்கு மேல் தவணை போடக் கூடாது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு வட்டி!

தனித்தொழில் செய்பவருக்கு பி.எப். கிடையாது. ஈ.எஸ்.ஐ. கிடையாது. கூலி பேசும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால், தினமும் 9 மணிக்கு வா, 6 மணிக்குப் போ என்று வேலை வாங்கிக்கொண்டு, "நீ தனி ஆள்" என்று ஏஜென்சி சொன்னால்? காகிதத்தில் உள்ள பெயரை மட்டும் கோர்ட்டு பார்ப்பதில்லை. வேலை உண்மையில் எப்படி நடந்தது என்றும் பார்க்கும்.

பணம் கேட்டால்?

"வேலை தருகிறோம். முதலில் பதிவுப் பணம் கட்டுங்கள்" என்று கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உழைப்பவர் பணம் வாங்க வேண்டியவர். கட்ட வேண்டியவர் அல்ல.

ஒப்பந்தம் புரியவில்லையா? தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம் கேட்கலாம். டெலிபோன் எண் 15100. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், ஒப்பந்தத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கணவனும் மனைவியும் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு பணம், எந்தத் தேதியில், யார் கையால் வரும்? இந்த மூன்றுக்கும் அதில் பதில் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், பேனாவை மூடி வையுங்கள்!