உஷார்! விரல் ரேகையில் பிள்ளையின் அறிவு எழுதியிருக்காது

பிள்ளையின் பள்ளிப் பையை இன்றைக்கே ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். ‘உங்கள் குழந்தையின் ஐக்யூ எவ்வளவு? விரல் ரேகையே சொல்லும்!’ என்று வண்ணத்தில் அச்சடித்த சீட்டு உள்ளே இருக்கலாம். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கட்டாதீர்கள்.

நம் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம் ஒரு தாய் கட்டினார். கணவருக்குப் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. அவர் அனுப்பிய காசில் ஐயாயிரம் போனது. பையன் நான்காம் வகுப்பு. பத்து விரலையும் ஒரு சின்னக் கண்ணாடி மேல் வைத்து அழுத்தி எடுத்தார்கள். சில நாளில் வழவழப்பான தாளில் முப்பது பக்கப் புத்தகம் வந்தது. மூளைப் படம், விரலுக்கு ஒரு நிறம், கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு ‘ஐக்யூ 78’. கணக்கும் அறிவியலும் இவனுக்கு ஒத்துவராது என்றும் எழுதியிருந்தது.

எல்லாம் ஆங்கிலம். பக்கத்து வீட்டுப் பெண்தான் படித்துச் சொன்னாள். “மக்குன்னு எழுதியே குடுத்துட்டாங்க, இவனுக்கு எதுக்கு டியூஷன்?” என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பையன் வகுப்பில் கை தூக்குவதையே விட்டுவிட்டான். ஒன்றரை வருஷம் கழித்து, மாற்றலாகி வந்த ஒரு டீச்சர்தான் கவனித்தார். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் நாள்பட்ட சீழ், காது மந்தம். பாடம் அவன் காதிலேயே விழவில்லை! அந்த ஒன்றரை வருஷப் படிப்பை இனி யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே, ஏறக்குறைய ஐந்து மாதத்துக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதை வைத்துப் பிள்ளையின் புத்தியை அளக்க முடியும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. டி.எம்.ஐ.டி. என்ற பெயரில் விற்கப்படும் இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. விற்பவர்கள் ஹோவர்ட் கார்ட்னர் பெயரைச் சொல்லுவார்கள். பலவகை அறிவு பற்றி 1983-ல் எழுதிய அமெரிக்க உளவியலாளர் அவர். அவரே இந்த ரேகைச் சோதனையை ஏற்கவில்லை.

இன்னொரு கூட்டம் ‘மிட்பிரெயின்’ என்று வரும். கண்ணைக் கட்டிவிட்டால் பிள்ளை புத்தகம் படிக்கும் என்பார்கள். மூக்கோரத்து இடைவெளி வழியாகப் பிள்ளை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். காசையும் வாங்கிக்கொண்டு, பெற்றோரிடமே பொய் சொல்லப் பிள்ளையைப் பழக்குகிறார்கள். எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

அப்படியானால் ஐக்யூ என்பதே பொய்யா? இல்லை. 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவர் முதல் சோதனையைச் செய்தார்கள். எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் செய்தார்கள், ஒதுக்கி வைக்க அல்ல. இன்றைய அளவில் சராசரி 100. மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் இருப்பார்கள். முறையான சோதனையில் பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து, பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் கேள்வி கேட்பார், கட்டை அடுக்கச் சொல்வார். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே பினே-காமத் சோதனை இருக்கிறது. அதிலும் காய்ச்சல், பசி, பயம் இருந்தால் எண் இறங்கும். 70-க்குக் கீழே வந்தால்கூட அதை மட்டும் வைத்து அறிவுசார் குறைபாடு என்று முடிவு கட்டமாட்டார்கள். தானே சாப்பிடுகிறதா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறதா என்று அன்றாட வாழ்க்கையையும் பார்ப்பார்கள்.

பள்ளிப் படிப்பு எப்படிப் போகும் என்பதை அந்த எண் ஓரளவு காட்டும். பிள்ளையின் பொறுமையை, நேர்மையை, கைவேலையை அது அளக்காது. எழுதப் படிக்கத் தெரியாமலே இருபது பேர் சீட்டுக் கணக்கை மனசில் வைத்திருக்கும் பாட்டிகள் நம் ஊரில் இல்லையா?

ஆபத்தின் அடையாளம் இவை. பிள்ளையிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ‘ரிசல்ட்’ தருகிறார்களா? உஷார். ‘இன்றைக்கு மட்டும் பாதி விலை’ என்கிறார்களா? உஷார். ஆறு வயதிலேயே ‘டாக்டர் ஆவான், ஆகமாட்டான்’ என்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள். ஆர்.சி.ஐ. என்னும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள். மழுப்புவார்கள்.

ரேகைக்குக் காசு கட்டும் அதே வீட்டில், பிள்ளையின் புத்தியை உண்மையிலேயே பாதிக்கக்கூடியது குடத்தில் இருக்கலாம். நம் தருமபுரி மாவட்டத்தின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு பழைய பிரச்சினை. அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைக் குடிப்பதற்கும் குழந்தைகளின் ஐக்யூ குறைவதற்கும் தொடர்பு தெரிகிறது என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024-ல் அறிவித்தது. குழாயில் தண்ணீர் வராத நாளில் என்ன செய்கிறோம்? போர் தண்ணீரைப் பிடித்துச் சோறாக்குகிறோம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

பிள்ளையின் பல்லைப் பாருங்கள். முன்பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, மஞ்சள் பழுப்புக் கோடு, தேய்த்தும் போகவில்லையா? அது தண்ணீரின் வேலையாக இருக்கலாம். அதைக் கண்டு பிள்ளையின் புத்தி போய்விட்டது என்று பதறாதீர்கள். தண்ணீரை மாற்றுங்கள்.

உப்பையும் பாருங்கள். பெயர் இல்லாத மூட்டையிலிருந்து அளந்து வாங்கும் கல்லுப்பில் அயோடின் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை. கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். முழுகாமல் இருக்கும் பெண்ணுக்குத் தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, துப்புகிறதா என்று கேளுங்கள். ரத்தசோகைப் பிள்ளை வகுப்பில் சோர்ந்துதான் கிடக்கும்.

படிப்பு ஏறவில்லையா? முதலில் கண், காது, ரத்தம். பிறகும் சந்தேகம் இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

வீட்டுப் போர் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஃபுளோரைடு அளவைக் கேட்டு வாங்குங்கள். இந்த வாரமே போங்கள்.