வேலியோரத்து முசுமுசுக்கை

மழை விட்ட பிறகு வேலியில ஒரு கொடி புதுசா ஏறிக் கிடக்குது. பார்த்தா கோவை மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. அது முசுமுசுக்கைதானான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

கண்ணை விடுங்க, விரலைக் கேளுங்க. இலையை மெல்லத் தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். இலையிலும் தண்டிலும் அத்தனை சுணை! கோவை இலை வழவழன்னு இருக்கும். பூத்திருந்தா இன்னும் சுலபம். கோவைப் பூ வெள்ளை, நல்லாப் பெரிசு. முசுமுசுக்கைப் பூ மஞ்சள், தேடித்தான் பார்க்கணும். காயும் ரொம்பச் சின்னது. தண்டோட ஒட்டி உருண்டையாக் காய்ச்சு, பழுத்தா சிவந்துடும்.

இவ்வளவு முரட்டு இலையை யார் சாப்பிடுவாங்கன்னு தோணுதா? வீட்டுல யாருக்காவது சளி பிடிச்சா பாட்டிமார் தேடுறதே இதைத்தான். ஊறவெச்ச அரிசியோட அரைச்சு அடை சுட்டா, அந்தச் சொரசொரப்பு நாக்குக்குத் தெரியவே தெரியாது. வெள்ளரிக்கு இது ரொம்ப நெருங்கின சொந்தம். தாவரவியல்காரங்க ரெண்டையும் ஒரே பேரினத்துலதான் வைக்கிறாங்க.

ஆனா ஒண்ணு, பறிக்கும்போது பழத்தையும் பார்த்துக்குங்க. அதே வேலியில ஐவிரலிக் கொடியும் படரும். அதுக்கும் இலை கொஞ்சம் சொரசொரப்புதான், ஆனா ஆழமாப் பிளந்திருக்கும்; பழத்துல வெள்ளை வெள்ளையா வரி ஓடும். வரி தெரிஞ்சுதுன்னா, அது அடைக்கு ஆகாது!