நாலந்தாவைச் சுற்றிப் பார்ப்போம்

பீகார் மாநிலத்தில் ராஜ்கீர் ஊருக்குப் பக்கத்தில் நாலந்தா இருக்கிறது. புத்த பிக்குகள் தங்கிப் படித்த பெரிய மடம் அது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் குமாரகுப்தர் என்ற மன்னர் கட்டத் தொடங்கினார்.

வாசலில் வழிகாட்டிகள் இருப்பார்கள். அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வழிகாட்டி இல்லாமல் போனால் வெறும் செங்கல் சுவர்தான் கண்ணில் படும்.

அவர் சின்னச் சின்ன அறைகளைக் காட்டுவார். உள்ளே படுக்கத் திண்ணை, சாமான் வைக்க மாடம். நடுவில் முற்றம், கிணறு. தண்ணீர் வெளியே போக வடிகாலும் உண்டு.

1400 ஆண்டுகளுக்கு முன்பு சீனாவிலிருந்து யுவான் சுவாங் இங்கே படிக்க வந்தார். வாசல் காவலர் கடினமான கேள்விகள் கேட்பார் என்று அவர் எழுதியிருக்கிறார். பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் திரும்பிப் போவார்களாம்! இன்று சீட்டு வாங்கினால் போதும். யாரும் உள்ளே போகலாம்.

காஞ்சிபுரத்துத் தர்மபாலரும் இந்த மடத்துக்குத் தலைவராக இருந்தார். நம் ஊர்க்காரர்!

1200ஆம் ஆண்டை ஒட்டி நடந்த படையெடுப்பில் மடம் அழிந்தது. மண் மூடியது. 1915 முதல் தோண்டி எடுத்தார்கள். பக்கத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே தோண்டும்போது கிடைத்த அரிசியை வைத்திருக்கிறார்கள். கருகிப்போன அரிசி அது.